நாற்பது விளக்கும் ஒரு கம்பியும்

1913, ஐப்பசி 9.

பஞ்சாலையில் மின்சாரம் பார்க்கிறவன் நான். என்னைக் கேளாமல், இருபது விளக்குக்குப் போட்ட கம்பியில் இன்று நாற்பது மாட்டிவிட்டார்கள். காவலுக்கு வைத்த ஈயக்கம்பி உருகி அறுந்தது. அதன் வேலையே அதுதான். அந்த இடத்தில் லேசில் உருகாத செம்புக்கம்பியைக் கட்டச் சொன்னார் மானேஜர். மாட்டேன் என்றேன்.

"விளக்கு கூடினா தடை கூடும், கரண்டு குறையும். இது தெரியாதா வே?"

"கால்வாயில இன்னும் ரெண்டு மடையைத் திறந்தா தண்ணி கூடப் போகுமா, குறையுமா?"

"நீரு எந்தக் காலேஜ்ல படிச்சீரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்ததை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

கரியால் சுவரில் எழுதினேன். நூற்றுப்பத்து வோல்ட். இருபது விளக்குக்குப் பத்து ஆம்பியர் ஓடியபோது தடை பதினொரு ஓம், சக்தி ஆயிரத்து நூறு வாட். நாற்பது விளக்குக்கு இருபது ஆம்பியர் ஓடினால் தடை ஐந்தரைதான், சக்தி இரண்டாயிரத்து இருநூறு. கம்பியில் ஏறும் சூடோ நாலு மடங்கு. சுற்றிலும் பஞ்சு. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செம்பைக் கட்டியது என் தம்பி சுடலை. "பிள்ளைக இருக்கே அண்ணே" என்றான். அவனோடு பேசாமல் வந்துவிட்டேன். இன்று அவனுக்கு ராத்திரி வேலை.

ஆற்றுக்கு அக்கரையில் ஆலை ஜன்னல்களில் நாற்பது விளக்கும் பளிச்சென்று எரிகின்றன. எங்காவது தப்புச் செய்திருக்க மாட்டேனா என்று மூன்றாம் தடவையாகக் கணக்கைப் போட்டேன். ஐந்தரைதான் வருகிறது.