இருபதாம் தேதிக்குள்

ஏப்ரல் 2

என்னங்க,

நானும் பாப்பாவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை லாரிக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆள் பாதியாகிவிட்டாராம், கண் இரண்டும் உள்ளே போய்விட்டதாம். போனில் கேட்டால் அறுவடை மெஷின் சத்தத்துக்கு நடுவே 'ம், ம்' கொட்டுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நெல் இறக்கிவிட்டுத் திரும்பும்போது லாரிக்காரர் இதைக் கையில் கொடுப்பார். மடித்துச் சட்டைப்பையில் போட்டு வியர்வையில் ஊறவிடாமல் பதில் எழுதுங்கள்.

இங்கே தானியக் கிடங்கில் எடைமேடைக்காரர் இந்த மாதம் இருபதாம் தேதியோடு ஓய்வு பெறுகிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரருக்கு நெல்லும் தெரியும், லாரிக்காரங்களையும் தெரியும். இருபதாம் தேதி வரைக்கும் நாற்காலிய வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

நாற்காலிங்க! தலைக்கு மேல் கூரை, கூரையில் ஃபேன், சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. மூன்று பருவம் உங்கள் கூட்டத்துக்குச் சமைத்துப் போட்டவள் நான். எங்கே கதிர் பழுத்திருக்கிறதோ அங்கே ஓடுவது, தார்ப்பாய்க்குள் படுப்பது, எத்தனை குளித்தாலும் போகாத நெல் அரிப்பு, எல்லாம் எனக்கும் தெரியும். பாப்பா பிறந்த பிறகுதான் நான் இறங்கினேன். அவளுக்கு இப்போது எட்டு வயது. கூட்டிப் பார்த்தால் அதில் மூன்று வருஷம்கூட நீங்கள் வீட்டில் இருந்ததில்லை.

போதுங்க. இறங்கிவிடுங்கள்.

உங்கள் பதிலுக்காக,
பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

மெஷின் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்குக் காரணம் சக்கரத்தின்மேல் தாள் வைத்திருப்பது. பாப்பாவிடம் காட்டாதே, மார்க் போட்டுவிடுவாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் விரல்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே மடங்கி நிற்கின்றன. இடது காதில் எந்நேரமும் ஒரு இரைச்சல். நேற்று மேஸ்திரி இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லையாம். "பொண்டாட்டி கூப்பிட்டாதான் கேக்குமோ" என்று கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். மெஷின் பெல்ட்டைத் துடைத்து முடித்தார். பிறகு, ஒப்புக்கொண்ட மூன்று வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார். புது டிரைவர் பதினாறாம் தேதி வந்துவிடுவான். பதினெட்டு காலையில் நான் வீட்டில் இருப்பேன். போன வருஷமும் இப்படித்தான் எழுதினேன் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. இந்த முறை மேஸ்திரியிடமே சொன்னாயிற்று, இனி மாற்றமில்லை. மேனேஜரிடம் சொல்லிவிடு.

தூக்கம் வருகிறது. பகல் பன்னிரண்டு மணிதான் ஆகிறது.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 10

என்னங்க,

மேனேஜரிடம் சொல்லியாயிற்று. சந்தோஷம் என்றார். என் சந்தோஷத்தை நான் எழுதப் போவதில்லை, எழுதினால் கண் பட்டுவிடும்.

பாப்பா ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள். டீச்சர் என்னை வாசலில் நிறுத்தி, "அப்பா வந்துடுறாராமே" என்று கேட்கிறார். இரண்டு நாளாக இவள் ஒரு சந்தேகத்தோடு சுற்றுகிறாள். அப்பா தினமும் வீட்டில் இருந்தால் போரடிக்காதா, பிறகு கிளம்பிவிட மாட்டாரா என்று. நான் என்ன பதில் சொல்ல? நீங்களே வந்து சொல்லுங்கள்.

தையல் வேலை எனக்கு இந்த வாரம் அதிகம். முதுகு விட்டுப்போகிறது. மெஷின் முன்னால் குனிந்தே நாள் போகிறது, உங்கள் மெஷின் ஒரு பக்கம், என் மெஷின் ஒரு பக்கம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். நாலாவதாக ஒரு வயல்காரர் வந்து கையைப் பிடித்தால் இரக்கப்பட்டு நின்றுவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

வழி பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 17

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்று கிளம்பியிருக்க வேண்டியவன், கடிதம்தான் கிளம்புகிறது.

மூன்றாவது வயல் விதை வயல். ஒரு அம்மாவுடையது. அதில் விளைகிற சன்ன ரகத்தைச் சுற்றியுள்ளவர்கள் விதைக்காக வாங்கிப் போவார்கள். விதை வயலுக்குள் இறங்கும் முன்னால் மெஷினின் அடி மூடியெல்லாம் திறந்து, வெறுமனே ஓடவிட்டு, உள்ளே தங்கிய பழைய நெல்லை ஊதித் தள்ள வேண்டும். அது உனக்கே தெரியும். எத்தனை தடவை எங்களுக்குச் சோறு ஆறிப்போயிருக்கிறது.

முந்தின வயலில் அறுத்தது மோட்டா ரகம். முந்தாநாள் அதை முடித்தபோது மேகம் திரண்டிருந்தது. மழைக்கு முன்னால் அறுத்துவிட்டால் ஒரு நாள் முன்னதாகவே உன்னிடம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சுத்தம் செய்யவில்லை. மெஷினை நேராக விதை வயலில் இறக்கிவிட்டேன். மறந்தேன் என்று சொன்னால் பொய்.

பாதி வயல் அறுத்துக் குவித்த பிறகு அந்த அம்மா வந்து குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார். சன்னத்துக்கு நடுவே தடித்தடியாக மோட்டா நெல். கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. கையிலிருந்ததைத் திரும்பக் குவியலிலேயே போட்டுவிட்டு, "இனிமே இது சோத்துக்குத்தான்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் கிளம்பியிருப்பேனோ என்னவோ.

மீதி வயலில் மெஷின் கால் வைக்கக் கூடாது என்றுவிட்டார். மேஸ்திரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, புது டிரைவரை ஏற்றி, மெஷினோடு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். நானும் போயிருக்கலாம். பஸ் ஏறப் பாதி தூரம் நடந்தேன். திரும்பி வந்து, அரிவாள் இருக்கா என்று கேட்டேன்.

பாதி வயல் கையால் அறுக்க ஆறு நாள் ஆகும். அந்த அம்மாவும் அவர் மகளும்தான் துணை. அரிவாள் பிடித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இருபத்துமூன்றாம் தேதிதான் வர முடியும். மேனேஜரிடம் கேட்டுப் பார். இருபத்துநாலாம் தேதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன், நாலே நாள். உன் வாய்க்கு அவர் இளகுவார்.

கோபப்படு. ஆனால் பதில் எழுது.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 21

என்னங்க,

கடிதம் கிடைத்தது. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, துணி சுற்றிக்கொண்டு அறுங்கள்.

நேற்றுக் காலை போய் மேனேஜரிடம் நாலு நாள் கேட்டேன். இளகவில்லை. வெளியே இரண்டு பேர் வேலைக்காகக் காத்திருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பக் கால் வரவில்லை. "நான் பாத்தா என்ன சார்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சிரித்தார். பிறகு, வாசலில் நின்ற லாரியைக் காட்டி, நெல் எப்படி என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். நசுங்கியது, உடையவில்லை. ஈரம், இன்னும் ஒரு வெயில் காய வேண்டும் என்றேன். ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. இன்றிலிருந்து அந்த நாற்காலியில் நான் உட்கார்கிறேன்.

கோபப்படு என்று எழுதியிருக்கிறீர்கள். வரவில்லைங்க. நீங்கள் நின்றது நியாயம்தான். நானாக இருந்தாலும் நின்றிருப்பேன். உங்களிடம் ஒவ்வொரு வருஷமும் நல்ல காரணம்தான் இருக்கிறது. ஒரு தடவையாவது கெட்ட காரணமாக இருந்திருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். நல்ல காரணங்களோடு சண்டை போட எனக்குத் தெரியவில்லை. அலுத்துவிட்டது.

பாப்பா பதினெட்டாம் தேதி காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வா என்று நான் சொல்லவில்லை. மத்தியானம் அவளாகவே உள்ளே வந்து, பசிக்குது என்றாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அறுத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் சரி, மேஸ்திரியைத் தேடிப் போனாலும் சரி. நான் தடுக்கவில்லை. வருகிற தேதியை மட்டும் இனி எழுத வேண்டாம். எழுதினால் பாப்பா படித்துவிடுகிறாள்.

வரும்போது பகலாக இருந்தால் வீடு பூட்டியிருக்கும். சாவி பக்கத்து வீட்டில்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா