தினம் ஐந்து வார்த்தை

மே 4, திங்கள்

எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. பாளையங்கோட்டை முழுக்க அனல். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்து இரண்டு நாள் ஆகிறது.

ஜூனில் இருந்து ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் இங்கிலீஷில்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடமாகத் தமிழில் நடத்தியவள் நான். லீவு ஒரு மாதம்தான் கையில். தினமும் போனில் அறிவியல் செய்தி கேட்பது, ஐந்து வார்த்தை எழுதுவது, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை சத்தமாகச் சொல்வது.

இன்று: ஆர்பிட். கிராவிட்டி. ஸ்பீஷீஸ். மஸில் (எழுத்தில் சி உண்டு, வாயில் வராது). ஃபாஸில்.

கடைசி வார்த்தை பாஸில் என்றே வருகிறது. என் வீட்டுக்காரர் மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாப்பது வருசமா மீன் விக்கேன். ஃபிஷ்னு சொல்ல வாயில காத்து போணும்னு இன்னைக்குத்தான் தெரியுது ஏட்டி."

மே 6, புதன்

எக்லிப்ஸ். வைரஸ். மற்ற மூன்றும் மறந்துவிட்டது.

எதிர்வீட்டு ஸ்டெல்லா காலையில் வாங்கிய வாளை மீனைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. வீச்சம் தாங்கல." பாத்திரத்தின் மூடியைத் திறந்ததுமே எனக்குக் குமட்டியது. இவர் குனிந்து மோந்தார். "நல்லாத்தானே இருக்கு?" என்று என்னைப் பார்த்தார். நான் மூடியைப் போட்டு மூடினேன். வேறு மீன் கொடுத்து அனுப்பினார்.

உவரிக் கடற்கரையில் செவுளைத் தூக்கி ஒரு தடவை மோந்தால் மீன் எப்போது பிடிபட்டது என்று சொல்லிவிடுகிற மனிதர். இவர் மூக்கைப் பார்த்துத்தான் மற்ற வியாபாரிகள் ஏலம் கேட்பார்கள்.

மே 7, வியாழன்

பிரெய்ன். நெர்வ். ஸ்மெல். சிம்ப்டம். டிரெமர் = நடுக்கம்.

இன்றைய செய்தி மூளையைப் பற்றி. மூன்று தடவை உச்சரிப்புக்காகக் கேட்டேன். நான்காவது தடவை அர்த்தத்துக்காக. பார்க்கின்ஸன் என்ற நோயில், கை நடுங்க ஆரம்பிப்பதற்குப் பல வருடம் முன்பே சிலருக்கு மோப்பம் போய்விடலாமாம்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். எழுதிய ஐந்தையும் சொல்லிப் பார்க்கவில்லை.

மே 8, வெள்ளி

சும்மா பயப்படுகிறேன். சளி பிடித்தாலும் மோப்பம் போகும். வயதானாலும் போகும். கொரோனாவில் எனக்கே ஒரு மாதம் போகவில்லையா?

ஆனால் சூரை மீன்? சீக்கிரம் கெடுகிற மீன், மோந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இவர் சூரை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. விலை கட்டவில்லை என்றார், நம்பினேன். இப்போதெல்லாம் துள்ளுகிற மீனாகப் பார்த்துத்தான் எடுக்கிறார். அதற்குக் கண் போதும்.

வேண்டுமென்றே அரை லிட்டர் பாலைத் தீயவிட்டேன். தெருவரை நாற்றம். இவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. அடுப்பை அணைத்தேன்.

மே 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது நான் பத்தடி பின்னால். இவருடைய வலது கை வீசுகிறது. இடது கை சும்மா தொங்குகிறது. எத்தனை நாளாக இப்படி?

"ஏட்டி, ஏன் பைய வார? காலு வலிக்கா?"

ஆமாம் என்றேன்.

செய்தி கேட்கவில்லை. எனக்கு வார்த்தை கூடக் கூட இவர் உடம்பில் புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறது.

மே 11, திங்கள்

சொல்லிவிட்டேன், பாதியை மட்டும். "உங்களுக்கு மோப்பம் இல்ல."

கத்தி தீட்டுவதை நிறுத்தினார். "எப்பம் கண்டுபிடிச்ச?"

"பால் தீஞ்சப்போ."

"எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். வெளிய சொன்னா எவன் என்ட்ட மீன் வாங்குவான்? உவரியில போயி ஏலத்துல நிக்க முடியுமா?" கத்தியைத் துணியில் துடைத்தார். பிறகு, "இனிமே நீ மோந்து சொல்லுதியா?"

அழுதுவிட்டேன். மூக்குக்குப் போய் அழுகிறாளே என்று கேலி செய்தார். டாக்டரிடம் வரச் சம்மதம். சொட்டு மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். நரம்பு டாக்டர் என்று நான் சொல்லவில்லை.

நாளைக்கு: அரிசி, சோப்பு, குடை ரிப்பேர்.

மே 14, வியாழன்

ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேரம் வரிசை. டாக்டர் நடக்கச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். ஊர், பேர், தொழில் எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சின்னதாகி, 'வியாபாரம்' எறும்பு அளவுக்கு வந்துவிட்டது.

டாக்டர் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் பெண்ணிடம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். கடகடவென்று. எங்கள் முன்னாலேயே. இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவை. பார்க்கின்ஸன்தான். வந்து சில வருடம் ஆகியிருக்கும். வலது பக்கமும் தொடங்கிவிட்டது. குணமாகாது, மாத்திரையில் கொஞ்ச காலம் தள்ளலாம். கத்தி பிடிக்கிற தொழிலைச் சீக்கிரம் விட வேண்டியிருக்கும்.

எங்களிடம் தமிழில், "பயப்படாதீங்க. மாத்திரை எழுதியிருக்கேன். அடுத்த மாசம் வாங்க."

வெளியே வேப்பமர நிழலில் நின்றோம். "அந்தப் பிள்ளைட்ட இங்கிலீஷுல என்னமோ சொன்னாரே. என்னவாம்?"

"வேகமாப் பேசிட்டாவ. ஒண்ணும் புரியல."

சிரித்தார். என் தோளில் தட்டினார். "இன்னும் நல்லாப் படிக்கணும் ஏட்டி நீ."