மீன் இல்லாத தண்ணீர்

1997 மார்ச் 9, ஞாயிறு

கல்லடியை விட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு மாறி வந்ததிலிருந்து, கடல்மீன் தொட்டி ஒன்று வைக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தொட்டி தயார். தெரிந்த மீனவர் ஒருவர் நேற்றுக் கொடுத்த பவளக்கற்கள் வாளியில் ஈரச்சாக்கின் கீழ் இருந்தன. அவற்றின் துளைகளுக்குள், தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் சின்னஞ்சிறு உயிர்கள் உண்டு. இனிக் கடல்தண்ணீர்தான் வேண்டும்.

இன்று கல்லடிக் கடற்கரைக்குப் போய், இரண்டு கேன்களில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பினேன். பாலத்துச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், மறித்தார்கள். ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான்.

"என்ன இது?"

"கடல் தண்ணி. மீன் வளர்க்க."

"மீன் எங்க?"

"இன்னும் வாங்கல்ல. தண்ணிய ஒரு மாசம் வெச்சிருந்துதான் மீன் விடணும்."

சொல்லும்போது எனக்கே அது பொய்போலப் பட்டது.

"குடி" என்றான். குடித்தேன். சிரித்தான். பிறகு இரண்டு கேன்களையும் பாலத்தின் கீழே வாவிக்குள் கவிழ்த்தான்.

"முதல்ல மீன் கொண்டு வா. பிறகு தண்ணி."

வீட்டுக்கு வந்து சாக்கை விலக்கினால், வாளி நிறையத் தண்ணீர். கற்கள் மூழ்கிக் கிடந்தன.

"காலையில இருந்து காஞ்சு கிடந்திச்சு, பாவம்" என்றாள் மனைவி. "கிணத்துல அள்ளி ஊத்தினன். நல்ல தண்ணிதான்."

உப்பில்லாத தண்ணீரில் அந்த உயிர்கள் ஒன்றும் மிஞ்சாது. எப்போது ஊற்றினாய் என்று கேட்க மனம் வரவில்லை. ஓம், நல்ல தண்ணிதான் என்று மட்டும் சொன்னேன்.

என் வாயில் இன்னும் உப்புக் கரிக்கிறது.