எலிகள் மறந்த பயம்

கார்த்திகை 18, திங்கள்
விடிந்ததில் இருந்து மழை. குசினிக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. நான் லீவில் வந்து நிற்பது அப்பாவைப் பார்க்கத்தான்: பாரிசவாதம். அவருக்குக் கஞ்சி, மருந்து. வலப்பக்கம் இன்னும் அசைவில்லை. பேச்சு மட்டும் திரும்பியிருக்கிறது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருந்து எங்கள் துறைப் பேராசிரியரின் தந்தி. பதவி உயர்வுக் குழு அடுத்த கிழமை கூடுகிறதாம். என் கட்டுரைப் பட்டியல் வேண்டும். வெளியார் எத்தனை பேர் அவற்றைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள் என்ற கணக்கும் வேண்டும்.

பட்டியல் சிறிது. இங்கிலாந்தில் எழுதியவை நான்கு, திரும்பி வந்தபின் இரண்டு. பெயர் சொல்வது முதலாவது மட்டும்: மூளையில் கடுகளவு இடத்தைச் சேதப்படுத்தினால், மின்னதிர்ச்சி பட்ட பெட்டிக்குள் எலி பயமில்லாமல் திரும்பப் போகும். யார் யாரைக் குறிப்பிட்டார்கள் என்று தொகுத்துப் போடும் சுட்டிப் புத்தகம் இந்த ஊரில் ஏது? றஞ்சினி கொழும்பில் நூலகர். நாளை அவளுக்கு ட்ரங்க் கோல் எடுக்க வேண்டும்.

19, செவ்வாய்
தபாற்கந்தோரில் நெடுநேரம். துறைமுகக்காரர் இருவர் எனக்கு முன்னால். ஒருவர் இன்னொருவரிடம்: "கப்பல் வந்தாத்தானே பாணுக்கு மா வரும்." லைன் கிடைத்தது. றஞ்சினி சுட்டிப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினாள்.

"உம்மட முதல் கட்டுரையை எத்தினை பேர் குறிப்பிட்டிருக்கினம் தெரியுமே? பக்கம் நிறைஞ்சு கிடக்கு," என்றாள் றஞ்சினி.

சந்தோஷம் வரவில்லை. ஏதோ உறுத்தியது. "அவை எழுதினதில ஒண்டு உங்கை இருந்தா எடுத்து வாசியும்."

மேலதிகக் காசு கட்டி நேரத்தை நீட்டினேன். போய் எடுத்து வந்து வாசித்தாள். 'இந்த முடிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை.' இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தவள் வாசிக்கவில்லை.

"லைனில இருக்கிறீரே?" என்றாள்.

ஓம் என்றேன். நேரம் முடிந்து வெட்டிவிட்டார்கள்.

20, புதன்
பாண் வரிசை. மண்ணெண்ணெய் இல்லை. அப்பாவுக்கு முதுகில் புண் தொடங்குகிறது, பவுடர் வாங்க வேண்டும்.

அந்த எலிகள் பெட்டிக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன். மூளைக்குள் விட்ட ஊசி அருகில் வேறெங்கும் பட்டதா? பெட்டியில் வாசனை மாறியிருந்ததா? தெரியவில்லை. அவர்கள் பிழையா, நான் பிழையா? திரும்பச் செய்தால்தான் தெரியும். கொழும்பில் விலங்கறையைப் பூட்டி மாதங்களாகிறது. எலிக்குத் தீன் இல்லை.

தம்பி அந்தோனி துறைமுகத்தில் இருந்து நனைந்து வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் உங்கட பேரைச் சொல்லியிருக்கினம். நல்லதுதானே அக்கா?"

"பிழை எண்டெல்லே சொல்லியிருக்கினம்."

"பேர் வந்திருக்குத்தானே."

21, வியாழன்
பட்டியல் எழுதி முடித்தேன். தனி ஒற்றைத் தாளில் ஒரு குறிப்பு: மற்றவர்களுக்கு முதற்கட்டுரையின் முடிவு கிடைக்கவில்லை, மீண்டும் செய்து பார்க்க வசதி தரவேண்டும். இரண்டையும் அந்தோனி பதிவுத்தபாலில் போட்டான். கொஞ்சம் நித்திரை.

29, வெள்ளி
தந்தி. பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

ஓடிப்போய்ப் பேராசிரியருக்குக் கோல் எடுத்தேன். "வெளிநாட்டில இவ்வளவு பேர் குறிப்பிட்டிருக்கினம் எண்டு குழுவுக்கு நல்ல திருப்தி," என்றார்.

"என்ரை குறிப்பை வாசிச்சவையே, சேர்?"

"அதை நான் குழுவுக்கு முன்னால வைக்கேல்லை. உம்மட நன்மைக்குத்தான்."

"எனக்கு அதைத் திரும்பச் செய்யவேணும்."

"எலி எங்கை இருக்கு? இப்ப ஏலாது. அப்பாவைப் பாரும்."

பதவி உயர்வு வேண்டாம் என்று குழுவுக்கே மறுத்து எழுதலாம். எழுதினால் கூடுகிற சம்பளம் போகும், அப்பாவின் மருந்து போகும், உண்மை தெரியவும் போவதில்லை. எழுதாமல், அப்பாவின் புண்ணுக்குப் பவுடர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

30, சனி
அந்தோனி கேக் வாங்கி வந்தான். அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தினோம். கோயிலால் திரும்பி வந்த பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவும் புருஷனும் உள்ளே வந்தார்கள். அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: "என்ரை பிள்ளை எழுதினதை... வெள்ளைக்காரர் எல்லாம் வாசிக்கினம்."

"அப்பிடி என்ன தங்கச்சி கண்டுபிடிச்சனீங்கள்?" என்று பிலோமினா அக்கா கேட்டா.

"தெரியாது அக்கா," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைக்குப் பெருமையே இல்லை என்றா அக்கா.