பெயர் போடாத ஜெப விண்ணப்பம்

கிளாங், மலேசியா,
வெள்ளிக்கிழமை

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆண்டவரின் பெயரால் குமுதா அக்காவுக்கு கெசியா எழுதுவது.

அக்கா, என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், இருபத்தெட்டாம் தேதி உங்கள் நூறாவது நேரலையில், நாலாயிரம் பேர் பார்க்க, பத்து நிமிடம் நான் பேசப்போகிறேன்!

நேரலை ஏற்பாடுகளைப் பார்க்கிற லோகன் அண்ணன்தான் போன் செய்தார். "உன்ன விட்டா வேற யாருலா? அக்காவோட முதல் ஃபேன் நீதான். விசுவாசம் உன் உறவுகள எப்படி மாத்துச்சுன்னு சொல்லு, போதும்" என்றார். சொல்கிறேன் என்றேன். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம்.

முதல் ஃபேன் என்பது உண்மைதான். உங்களுக்குப் பன்னிரண்டு பேர் மட்டும் இருந்தபோதே ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் முதல் லைக் என்னுடையது. உங்களுக்காகத்தான் எடிட்டிங் கற்றுக்கொண்டேன், யாரும் சொல்லித்தராமல், போனிலேயே. நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போன பிறகும் உங்கள் பேச்சை வெட்டி வெட்டிப் போட்டேன். "நம்பிச் சொன்னத நாலு பேருக்குச் சொல்லாதவங்கதான் உண்மையான உறவு" என்று நீங்கள் சொன்னது முப்பத்தெட்டு விநாடி. அதை எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் உங்கள் ஜெப விண்ணப்பத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். நன்றாகவே வந்திருக்கிறது.

நீங்கள் லீவில் வந்திருந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் சபைக்கு வெளியே உங்கள் காரில் உட்கார்ந்துதான் சொன்னேன். பூச்சோங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பாவைப் பார்த்ததை. தோளில் ஒரு குழந்தை, கையில் அப்பம் பாலிக் பலகாரப் பொட்டலம், பக்கத்தில் யாரோ ஒரு பெண். ஷா ஆலம் பேக்டரியில் ஷிப்ட் என்று அன்றைக்குக் காலையில்தான் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "எங்கிட்ட சொன்னா கல்லறையில போட்ட மாதிரி டீ" என்றீர்கள்.

மறுநாளே சகோதரிகளின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட்டீர்கள். கிளாங்கில் ஒரு சகோதரி, கணவருக்கு ஷா ஆலமில் வேலை, பூச்சோங்கில் இன்னொரு குடும்பம், ஒரே மகள் இளைஞர் குழுவில் இருக்கிறாள், பெயர் வேண்டாம், ஜெபம் மட்டும். நம் சபையில் கிளாங்கிலிருந்து எத்தனை குடும்பம் வருகிறது அக்கா? மூன்று. அதில் ஒரே மகள் உள்ள வீடு எது?

எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அம்மாவைத் தவிர. அம்மாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். கைகூப்பும் படம் போட்டார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார். ஆறு நாள் குடும்ப ஜெபத்தில், "யாரு பெத்த புள்ளையோ, அந்தத் தங்கச்சிக்குத் தாங்குற பெலன் குடுங்கப்பா" என்று கண்ணீர் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆமென் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மீஹூன் தட்டோடு நின்ற அம்மாவைத் தனலெட்சுமி ஆன்டி கட்டிப்பிடித்தார். "புஷ்பா, பேரு போடலனா எங்களுக்குத் தெரியாதாலா? நாங்க எல்லாரும் ஒனக்காகத்தான் அழுறோம்" என்றார். அம்மா தேங்க்ஸ் ஆன்டி என்றார். கிளாங் போகிற கொமூட்டர் ரயிலில் அந்த மெசேஜைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். வீட்டுக்கு வந்துதான் என்னைப் பார்த்தார். "ஆறு நாளும் ஆமென் சொன்னியே" என்றார். அதோடு சரி. மூன்று வாரமாகிறது, என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிடுவார். சபைக்கும் வருவதில்லை.

உங்களுக்கு எழுதினேன். "நான் பேரே சொல்லலையே மா, கர்த்தர் இதையும் நன்மையா மாத்துவார்" என்று ஒரு ரோஜாப்பூ படத்தோடு பதில் வந்தது. அந்த ரோஜாப்பூவையும் நேரலையில் காட்டுவேன்.

தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் இரண்டு சாட்சிகளோடு, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு முன்னால். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒழுங்குதான். போனில் திட்டாமல் கையால் எழுது என்றதும் நீங்கள்தான். இது முதல் படி. இரண்டாவதற்கு லோகன் அண்ணனும் பாஸ்டரம்மாவும். மூன்றாவது இருபத்தெட்டாம் தேதி. ஒரு படியைக்கூட நான் தாண்ட மாட்டேன். நீங்கள் வேர்த்து நிற்பதை நாலாயிரம் பேரும் பார்க்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். அன்றைக்குக் காரில், "இப்பவே வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொல்லிடுறேன் கா" என்று நான் கதவைத் திறந்தேன். நீங்கள்தான் கையைப் பிடித்து, "அவசரப்படாத, மொதல்ல ஜெபிப்போம், நான் சொல்ற வரைக்கும் வாயத் திறக்காத" என்றீர்கள். இதை அம்மாவிடம் சொன்னால், தப்பிக்கப் பேசுகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தக் காரில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கள்.

அதனால் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அதே குழுவில் நீங்களே பகிருங்கள். இந்த முறை பெயர்களோடு. கீழே, ஆமாம், கெசியா சொல்ல வந்தாள், நான்தான் தடுத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அம்மா என்னோடு பேசாவிட்டாலும் அந்தக் குழுவில் வருகிற ஒவ்வொன்றையும் படிக்கிறார்.

இருபத்தெட்டாம் தேதிக்குள், அக்கா. தயவுசெய்து.

உங்கள்
கெசியா