படத்தில் யாரும் சாவதில்லை

மில்ஃபோர்க், கெண்டக்கி
ஜூன் 9

அன்புள்ள கர்ட்டிஸுக்கு,

கிளெண்டா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யோடு தொடங்க மனம் வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை. மொன்டானாவில் கோதுமை லாரி ஓட்டுகிறவனுக்கு அப்படி என்ன வேலையோ. கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்று எழுதுகிறேன்.

ஊரில் செய்தி அதிகமில்லை. மீட்புக் குழுவில் உன் இடத்துக்கு வந்தவன் நல்லவன்தான், கை வேகம் போதாது. வெர்ஜிலுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிற்று. இன்னும் மீட்பு வண்டியைத் தானே ஓட்டுவேன் என்று அடம்பிடிக்கிறான். என் சர்க்கரையைப் பற்றிக் கேட்காதே.

சனிக்கிழமை அந்தக் கார் சாகசப் படத்தின் புதிய பாகத்துக்கு மதியக் காட்சி போனோம். ஒவ்வொரு பாகத்துக்கும் நம் குழு மொத்தமும் போவது உனக்கு மறந்திருக்காது. நொறுங்கிய கார்களை வெட்டி ஆளை வெளியே எடுக்கிறவர்களுக்கு இந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று என் தங்கை கேட்பாள். படத்தில் யாரும் சாவதில்லை, அதுதான் என்பேன்.

நம் குழு ஹார்லனும் வந்தான். மகள் ஜோசியை அடக்கம் செய்த பிறகு பதினான்கு மாதமாக எங்கும் வராதவன், அவனாகவே போன் செய்து, "எத்தனை மணிக்கு ஷோ? பாப்கார்ன் நான் வாங்குறேன், வெர்ஜில் வாங்கினா உப்பே இருக்காது" என்றான்.

படம் வழக்கம்போல அபத்தம். அணைக்கட்டின் மேலிருந்து கார் பாய்கிறது, பறக்கிற விமானத்தின் இறக்கையில் இறங்குகிறது, அங்கே திரும்பி வேறு போகிறது. "கிளம்புறதுக்கு முன்னாடி டயர்ல காத்து பார்த்தானான்னு கேளுங்க" என்றான் வெர்ஜில். ஹார்லன் வயிறு குலுங்கச் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நொறுங்கிய காரிலிருந்து கதாநாயகன் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வரும்போதெல்லாம் நாம் கோரஸாகச் சொல்வோமே, "ஆஸ்பத்திரி வேணாமாம், கையெழுத்து வாங்கிக்கோ" என்று. நம் வேலையில் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று போட்டுத் தரும் அந்தக் கையெழுத்தை விட இனிப்பானது எது? அடிபட்டவர் தானே நடந்து வீட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். இரண்டு முறை சொல்லிச் சிரித்தோம்.

மூன்றாவது முறை கதாநாயகன் இல்லை, ஓர் இளம்பெண். மலைச்சரிவில் அவள் கார் ஏழெட்டுக் குட்டிக்கரணம் அடித்துக் கவிழ்கிறது. கதாநாயகன் ஓடிவந்து ஒற்றைக் கையால் கதவைப் பிய்த்து எறிகிறான். அன்று ஜோசியின் கார்க் கதவோடு நான் வெட்டும் மெஷினை வைத்து இருபத்திரண்டு நிமிடம் மல்லுக்கட்டினேன். படத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து சிரித்தாள். அப்போது ஹார்லன் மட்டும் மெதுவாக, "கையெழுத்து வாங்கிக்கோ" என்றான். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். படம் முடியும்வரை விடவில்லை.

வெளியே என் வண்டி வரைக்கும் கூடவே வந்தான். "அன்னிக்கு கர்ட்டிஸ் பின்சீட்டுக்குள்ள புகுந்து ஜோசி கழுத்து அசையாம தலையைப் பிடிச்சுட்டு இருந்தான்ல. என்னை வெர்ஜில் ரோட்லயே பிடிச்சு வச்சுட்டான். அவ ஏதாவது பேசினாளா, கிளெண்டா?" என்று கேட்டான்.

மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அது பாதி உண்மைதான். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். நீ காதைக் கிட்டே கொண்டுபோனதையும், பதில் சொன்னதையும் பார்த்தேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கர்ட்டிஸ் மேல எனக்குக் கோவம் கிடையாது. அவன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அவகிட்ட கடைசியா இருந்தவன் அவன்தான். அவ ஏதாவது சொல்லியிருந்தா அதையும் எடுத்துக்கிட்டு ஊரை விட்டே போயிட்டான். அது என்னோடது, கிளெண்டா."

ஜோசியின் கார் இன்னும் பழைய வண்டிகள் போடும் இடத்தில்தான் கிடக்கிறது. ஞாயிறுதோறும் போய்ப் பின்சீட்டில், நீ இருந்த இடத்தில், உட்கார்ந்துவிட்டு வருகிறான் என்று வெர்ஜில் சொன்னான்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. வலியில் அழுதிருக்கலாம். அன்று காலை அப்பாவோடு போட்ட சண்டையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டால் அவன் மனசு உடைந்துவிடும் என்று நீ பூட்டி வைத்திருக்கிறாய். உடைய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது, கர்ட்டிஸ்?

நேற்று அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் பேசினாள், நீ பதில் சொன்னாய் என்று. என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். "அப்ப அவ தனியா இல்ல" என்றான். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கிளம்பும்போதும் அப்படியேதான் இருந்தான்.

அவன் நம்பர் மாறவில்லை. எதையும் கூட்டாதே, குறைக்காதே. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே அவனிடம் சொல்லிவிடு. அந்த ஒரு போன் பண்ணக் கடவுள் உனக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

உன்னை இன்றும் நம்பும்,
கிளெண்டா