பதினேழு ரூபாய் மாப்பிள்ளை

வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்
8.2.2026

இஸ்தான்புல்லில் இருக்கும் சிரஞ்சீவி ஜகன்னாத்துக்கு, தேசிகனின் அநேக ஆசீர்வாதம். நானும் சுப்ரஜாவும் நம்பெருமாள் கிருபையில் சௌக்கியம். அங்கே பனி கொட்டுவதாக டிவியில் காட்டினார்கள். வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளும்.

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். என் வலது கை நடுங்குகிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் எழுத்து சரியாகத் தெரிவதில்லை. நான் சொல்லச் சொல்ல சுப்ரஜாதான் எழுதுகிறாள். வேற யாரையாவது எழுதச் சொல்லுங்கோளேன் அப்பா என்றாள். ஆத்து விஷயம் வீதிக்குப் போகலாமா? உம் பெயருக்கு முன்னால் ஓர் அடித்தல் இருக்கும். பழக்க தோஷத்தில் மாப்பிள்ளை என்று எழுதிவிட்டாள். அடிக்கச் சொன்னேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர். முப்பத்தைந்து வருஷம் பாங்கில் அந்நியச் செலாவணி செக்‌ஷனில் உட்கார்ந்தவன் நான். ஒன்றை ரத்து செய்தால் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்: இந்தக் கல்யாணம் நடக்காது.

2018 தை மாதம், நிச்சயதார்த்தத் தட்டில் மோதிரத்தோடு ஒரு துருக்கி லிரா நாணயத்தையும் வைத்தீரே, ஞாபகம் இருக்கிறதா? அன்று அதற்குப் பதினேழு ரூபாய். வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். எங்காத்து மாப்பிள்ளை ஒரு காசு போட்டா நாம பதினேழு எடுத்து வைக்கணும் என்று வாய் கொள்ளாமல் பேசினேன். இப்போது நினைத்தால் எனக்கே மானம் போகிறது.

ஆவணியில் முகூர்த்தம் என்றிருந்தோம். ஆவணி பிறப்பதற்குள் லிரா பதினொன்றுக்கு வந்து நின்றது. பொறும், தேறட்டும் என்றேன். மறு வருஷம் என் ஆத்துக்காரி வத்ஸலா ஆசார்யன் திருவடி அடைந்தாள். பெற்றவள் காலமான வருஷத்தில் மேளம் கொட்டக்கூடாது. அப்புறம் கொரோனா. 2021 மார்கழியில் நாலரை. பொறும் என்றேன். 2023 ஆடியில் மூன்று. அப்போதும் பொறும் என்றேன். என் பொறுமையை நீர் குறை சொல்ல முடியாது. இன்று காலை சுப்ரஜாவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன், இரண்டு ரூபாய் சொச்சம்.

நம் ரூபாய் மட்டும் என்ன பயில்வானா? அன்று டாலர் அறுபத்து நாலு, இன்று தொண்ணூறு. அந்த நோஞ்சானிடமே குப்புற விழுந்த காசில் சம்பளம் வாங்குகிறவருக்கு நான் எந்தத் தைரியத்தில் பெண்ணைக் கொடுப்பேன்? சம்பளம் ஐந்து மடங்கு ஏறியிருக்கு மாமா என்று போன மாதம் சொன்னீர். லிரா எட்டு மடங்கு இறங்கியிருக்கிறதே ஐயா! துணி துவைக்கும் மெஷினை டிசைன் பண்ணத் தெரிகிறது, வகுத்தல் கணக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் சுப்ரஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கத்திரிக்காய் வாங்கறாப்பல பேசறேளே அப்பா என்றாள். கத்திரிக்காயையே சொத்தை பார்த்துத்தானே வாங்குகிறோம்? இதையும் எழுது என்றேன். எழுதுகிறாள். நல்ல பெண்.

அவளுக்கு இங்கே என்ன குறை? விடியற்காலை எழுந்து காபி, எனக்கு இன்சுலின் ஊசி, அடுப்படியில் தளிகை, பிறகு துவாக்குடி பஸ். கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறாள். சம்பளம் ரூபாயில், ஒன்றாம் தேதி டாண் என்று வந்துவிடுகிறது. என் பென்ஷனைத் தொட வேண்டியதே இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரில் தக்காளி விலையைப் பார்த்து அவள் அழ வேண்டுமா?

உமக்கும் நாற்பது ஆகப்போகிறது. உம் காசுக்குத் தகுந்த இடமாகப் பார்த்துக்கொள்ளும். அந்த நாணயத்தையும் உறையில் போடச் சொல்லியிருக்கிறேன். அதன் விலையைவிடத் தபால் செலவுதான் ஜாஸ்தி. இருக்கட்டும், அடுத்தவர் பொருள் எனக்கு எதற்கு? அவளுக்குப் போன் பண்ண வேண்டாம். அவளுக்கும் சம்மதம்தான். இல்லாவிட்டால் தன் கையால் எழுதுவாளா?

நம்பெருமாளும் தாயாரும் உமக்குச் சகல க்ஷேமத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தேசிகன்

இதற்குக் கீழே இருப்பது அப்பா சொன்னதில்லை. அவர் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதி, படித்தும் காட்டிவிட்டேன். நன்னா வந்திருக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார்.

அப்பாமேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள்மேல்தான் அதிகம். மூன்று தடவை அவர் பொறும் என்றார். மூன்று தடவையும் நீங்கள் சரி மாமா என்றீர்கள். ஒரு தடவையாவது என்னைக் கேட்டீர்களா? பதினொன்றிலும் வந்திருப்பேன், நாலரையிலும் வந்திருப்பேன். இரண்டு ஆண்பிள்ளைகளும் எட்டு வருஷமாக லிராவைப் பார்த்தீர்கள். எனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. அது யார் கண்ணிலும் படவில்லை. சீ என்று இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துவாக்குடியில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஓர் அறைக்குப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை; போகிற அன்று காலை காபி கொடுத்துவிட்டுச் சொல்வேன். ஊசி போட அல்ஷிஃபா என்று ஒரு நர்ஸ் தினமும் வருவாள். தளிகைக்கும் ஆள் பார்த்துவிட்டேன். இரண்டு பேருக்கும் சம்பளம் அவர் பென்ஷனிலிருந்து.

நாணயம் இந்த உறையில் இல்லை. தட்டில் வைத்தது நீங்கள், எடுத்தது நான். வேண்டுமானால் நேரில் வந்து கேளுங்கள், கையில் தருகிறேன். வருவதாக இருந்தால் இந்த மாதமே வாருங்கள். ரேட் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால் வர வேண்டாம்.

சுப்ரஜா